எண்ணெய்க்கு முன் பசியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – ஆயுர்வேத பதில்

கேள்வி: தினமும் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் மூப்பு அண்டாது என்று படித்தேன். மூன்று வாரமாகக் காலைப் பலகாரம் முடித்ததும் தேய்த்துக் குளிக்கிறேன். உடம்பு லேசாவதற்குப் பதில் கனக்கிறது, சளி கட்டுகிறது, பசியே இல்லை. எனக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாதா? – வாசகி, தஞ்சாவூர்

எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் இல்லை. தேய்த்த வேளைதான் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தின் தினசரியை (அன்றாடப் பழக்கங்கள்) அத்தியாயத்தில், நூலாசிரியர் வாக்படர் எண்ணெயை நித்தமும் தேய்க்கச் சொல்கிறார். சொன்ன கையோடு, கபம் மிகுந்தவர், அஜீரணம் உள்ளவர், வாந்தி, பேதி மூலம் உடம்பைச் சுத்தப்படுத்தும் சோதனச் சிகிச்சை முடித்தவர் ஆகியோருக்குக் கூடாது என்று விலக்கும் வைக்கிறார். முதல் பாதி ஊரெல்லாம் பரவியிருக்கிறது. விலக்குதான் யார் காதிலும் விழவில்லை.

எழுந்ததும் மூன்றைக் கவனியுங்கள்: நாக்கில் வெள்ளையாக மாவு படிந்திருக்கிறதா, நேற்றைய சாப்பாட்டின் வாடையோடு ஏப்பம் வருகிறதா, வயிறு கனக்கிறதா. ஒன்று இருந்தாலும் அன்றைக்கு எண்ணெய் வேண்டாம். சாப்பிட்ட வயிற்றில் தேய்ப்பது எந்த நாளிலும் தவறு. சீரண வேலை நடக்கும்போது எண்ணெயும் குளியலும் சேர்ந்தால் அக்கினி, அதாவது செரிக்கும் சக்தி, மந்தமாகும். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைக்கும் காரணம் அதுதான்.

ஒரு வாரம் நிறுத்துங்கள். பசித்த பிறகே சாப்பிடுங்கள். இரவில் மிளகு ரசம் சாதம் போதும், தயிர் வேண்டாம். பசி திரும்பியதும் வாரம் இரண்டு நாள் தொடங்கலாம். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆண்களுக்குப் புதன், சனி என்ற நம் வீட்டு வழக்கம் கிட்டத்தட்ட அந்த அளவுதானே.

முறை இது. உடம்பு முழுவதற்கும் 40 முதல் 50 மில்லி நல்லெண்ணெய் போதும். அடுப்பில் நேரே காய்ச்சாமல், எண்ணெய்க் கிண்ணத்தைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் 5 நிமிடம் வையுங்கள். மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டு, இதமாக இருந்தால் தேய்க்கலாம். கை கால்களில் நீளவாக்கிலும், மூட்டுகளில் வட்டமாகவும், வயிற்றில் கடிகாரம் சுற்றும் திசையிலும் 10 நிமிடம் தேய்த்து, 15 முதல் 20 நிமிடம் ஊறவிடுங்கள். அந்த நேரத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்காராதீர்கள். நேரம் இல்லாத நாளில் உச்சந்தலை, காதைச் சுற்றி, உள்ளங்கால் மூன்றும் போதும்; நூலே இந்த மூன்று இடங்களைத்தான் தனியாக எடுத்துச் சொல்கிறது.

உடம்புக்குப் பயத்தம் மாவு, தலைக்குச் சீயக்காய். சூடான தண்ணீரைக் கழுத்துக்குக் கீழேதான் ஊற்ற வேண்டும். தலையில் ஊற்றினால் முடிக்கும் கண்ணுக்கும் பலம் குறையும் என்று வாக்படர் எச்சரிக்கிறார். தலைக்கு வெதுவெதுப்பு போதும். குளித்த பின் சூடாக, எளிதாகச் செரிப்பதைச் சாப்பிடுங்கள். பகலில் தூங்காதீர்கள்.

இரண்டு ஆபத்துகளை மறக்க வேண்டாம். எண்ணெய்க் காலோடு குளியலறைக்குள் நடந்து வழுக்கி விழும் முதியவர்கள் உண்டு; அவர்களைக் குளியலறையிலேயே முக்காலியில் உட்காரவைத்துத் தேய்த்து, அங்கேயே குளிப்பாட்டுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. எண்ணெயின் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்த்துத்தான் தர வேண்டும்.

கேள்வி: ஆவணி, புரட்டாசி மழைக்காலம் என்கிறது என்னிடம் உள்ள ருதுசரியை (பருவத்துக்கேற்ற உணவு, பழக்கம்) அட்டவணை. சென்னையில் அப்போது புழுக்கம் தாங்கவில்லை. எதைப் பின்பற்றுவது? – வாசகர், குரோம்பேட்டை

வானத்தைப் பின்பற்றுங்கள். அந்த அட்டவணை தென்மேற்குப் பருவமழை பெய்யும் நாட்டைக் கண்டு எழுதப்பட்டது. கேரளத்தில் கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடியில், மழை கொட்டும்போது மருந்துக் கஞ்சி குடிப்பது அங்கே பொருந்துகிறது. சென்னையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மாதப் பெயரைப் பார்த்துப் புழுக்கத்தில் மழைக்கால உணவைச் சாப்பிட்டால், புளிப்பும் உப்பும் பித்தத்தைக் கிளப்பி நெஞ்செரிச்சலில் கொண்டுபோய் விடும்.

மழை தொடங்கிப் பசி மட்டுப்படும்போது மழைக்கால விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய அரிசிச் சோறு, கொதித்து ஆறிய நீர், இஞ்சி, சீரகம், கொஞ்சம் நெய். பகல் தூக்கம் வேண்டாம். அது கோடைக்கு மட்டும் தந்த சலுகை. மழை விட்டு வெயில் உறைக்கும் நாட்களில் பித்தம் எழும். அப்போது பாகற்காய், புடலங்காய், நெய் சேருங்கள்; தயிரை விடுங்கள். மார்கழி, தைக் குளிரில் பசி நன்றாக எடுக்கும். எள், உளுந்து, நெய், வெல்லம் எல்லாம் செரிப்பது அப்போதுதான்.

அட்டவணையில் பலரும் விட்டுவிடும் விஷயம் ருதுசந்தி. ஒரு பருவத்தின் கடைசி 7 நாளும் அடுத்ததன் முதல் 7 நாளும் சேர்ந்த இடைக்காலம் அது. பழைய பழக்கத்தைக் கால் பங்கு கால் பங்காகக் குறைத்து, புதியதை அதே அளவில் ஏற்ற வேண்டும். கோடை முழுக்க நாளுக்கு நான்கு டம்ளர் மோர் குடித்தவர் முதல் மழையன்றே ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி வாருங்கள். உடம்பு திடீர் மாற்றத்தைத்தான் பொறுக்காது.

கேள்வி: நல்லெண்ணெயை வாயில் வைத்துக் கொப்பளித்தால் உடம்பின் நச்செல்லாம் வெள்ளையாக வெளியேறுமா? – வாசகி, ஈரோடு

இல்லை. எண்ணெயும் உமிழ்நீரும் கலந்து நுரைப்பதால் வரும் வெள்ளை அது. நூல்கள் சொல்லும் பலன் வாய்க்கு உரியது: தாடை பலம், ருசி, பல் உறுதி, உதடு வெடிக்காமை. வாய் நிறைய அசையாமல் வைத்திருப்பது கண்டூஷம். சுழற்றிக் கொப்பளிப்பது கவளம். வீட்டில் கவளமே எளிது. இரண்டு டீஸ்பூன் எண்ணெய். மூக்கிலும் கண்ணிலும் நீர் கசிந்ததும் துப்பிவிடலாம். அதைத் தொட்டியில் துப்பினால் குழாய் அடைக்கும், காகிதத்தில் துப்பிக் குப்பையில் போடுங்கள். சிறு குழந்தைகளுக்கும், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் கூடவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவே வரும்.

இதே காரணத்தால் மூக்கில் எண்ணெய் விடும் நசியத்தையும் ஒரு துளைக்கு 2 சொட்டோடு நிறுத்துங்கள். சளி, காய்ச்சல் உள்ளபோதும், சாப்பிட்ட உடனும், தலைக்குக் குளித்த உடனும் வேண்டாம். தொண்டைக்கு இறங்குவதை விழுங்காமல் துப்புங்கள்.

கேள்வி: தினசரியையில் உடற்பயிற்சிக்கு அளவு உண்டா? – வாசகர், மதுரை

உண்டு, பாதிப் பலம். நெற்றியிலும் அக்குளிலும் வியர்வை அரும்பி, வாய் உலர்ந்து, வாயால் மூச்சு வாங்கத் தொடங்கினால் பாதி ஆகிவிட்டது என்று பொருள். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அதுவரை செய்யலாம். சித்திரை வெயிலில் அதற்கும் முன்பே நிறுத்துங்கள்.

கேள்வி: செம்புப் பாத்திரத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து குடிக்கலாமா? – வாசகி, சேலம்

வேண்டாம். புளிப்பு செம்பைக் கரைத்துவிடும். குமட்டலும் வயிற்று வலியும் வரும். மோரையும் புளித்தண்ணீரையும் கூடச் செம்பில் வைக்காதீர்கள். வெறும் தண்ணீரை இரவில் ஊற்றி வைத்துக் காலையில் ஒரு டம்ளர் குடித்தால் போதும். இதயம், சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் இந்த ஒரு டம்ளரையும் அந்தக் கணக்குக்குள்ளேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.