எட்டைத் தொட்ட பொட்டாசியம்

அன்புள்ள ஐயா,

டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) இரண்டாம் வருஷம் படிக்கிறேன். பயிற்சிக்கு அனுப்பிய லேபில் நான்கு மாதமாக ரத்தம் எடுக்கும் அறையிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். ரத்தத்தைப் பரிசோதிக்கும் மெஷினான அனலைசர் பக்கம் விடுவதே இல்லை. போன வாரம் நான் எடுத்த ஒரு சாம்பிளில் பொட்டாசியம் 8.2, கால்சியம் 5.1 வந்தது. நோயாளியோ எழுந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மறுபடி எடுத்ததில் பொட்டாசியம் 4.1. சீனியர் "டியூப் ஆர்டர் தப்பு" என்றார், அதற்கு மேல் சொல்லவில்லை. என் சாம்பிள்கள் சிவப்பணு உடைந்து ஹீமோலைஸ் ஆகியும் அடிக்கடி திரும்புகின்றன. மெஷின் வேலையை நான் எப்போது கற்பது?

ர., திண்டிவனம்

அன்புள்ள ர.,

மெஷினை அந்தக் கம்பெனி இன்ஜினியரே இரண்டு நாளில் சொல்லிக்கொடுத்துவிடுவார். உங்களுக்கு வந்த 8.2-ஐ எந்த மெஷினாலும் திருத்த முடியாது.

அந்தச் சாம்பிளில் ஊதா மூடி டியூப்பில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஈ.டி.டி.ஏ. கலந்திருக்கிறது. அந்த டியூப்பில் இருப்பது ஈ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. துளி கலந்தாலும் பொட்டாசியம் ஏறும். ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் கால்சியம் இறங்கும். துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்துப் பிடிப்பதால் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைமின் அளவும் விழும். இந்த மூன்றும் ஒன்றாக மாறியிருந்தால் ரிப்போர்ட்டை வெளியே விடாமல் புதிதாக ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். வெறும் ஹீமோலிசிஸ் என்றால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இப்படிச் சரியாது. சிறுநீரகம் பழுதானவருக்கு பொட்டாசியம் ஏறி கால்சியம் இறங்கலாம், ஆனால் கூடவே சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினும் ஏறியிருக்கும்.

இது எப்படிக் கலக்கிறது? சிரிஞ்சில் எடுத்து முதலில் ஊதா டியூப்பில் விட்டிருப்பீர்கள். சிரிஞ்சின் நுனி உள்ளே பட்டிருக்கும். அதே நுனி அடுத்து பொட்டாசியம் பார்க்கும் சிவப்பு மூடி டியூப்புக்குப் போயிருக்கும். இன்னொரு வழியும் உண்டு, யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்: சிவப்பில் ரத்தம் குறைந்துவிட்டது என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் சாய்ப்பது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். குறைந்தால் மறுபடி குத்துவதுதான் வழி. நோயாளியிடம் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

உங்கள் சீனியர் சொன்ன டியூப் ஆர்டர், அதாவது டியூப்களை நிரப்பும் வரிசை இது: பிளட் கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும் பாட்டில்), இளநீல மூடி, சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். இளநீலத்தில், ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம். 0.3 மில்லி சிட்ரேட் உள்ள டியூப்புக்கு 2.7 மில்லி ரத்தம், கோடு வரை. குறைந்தால் ஏ.பி.டி.டி. என்ற ரத்தம் உறையும் நேரம் பொய்யாக நீளும். ஊதாவை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், இளநீலத்துக்கு மூன்று நான்கு முறை போதும். சாம்பல் டியூப்பில் விட்டதும் சர்க்கரை அப்படியே நின்றுவிடாது. செல்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்க அதில் இருக்கும் ஃப்ளோரைடு முழுதாகப் பிடிக்கும் வரை, முதல் ஒன்றிரண்டு மணி நேரம், குறைந்துகொண்டுதான் இருக்கும்.

ஹீமோலிசிஸ் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் சிரிஞ்சில்தான் எடுக்கிறீர்கள் என்று வைத்துச் சொல்கிறேன். முதல் சந்தேகம் ஊசியை மாட்டியபடியே டியூப்பில் பீய்ச்சுவது. ஊசியைக் கழற்றிவிட்டு, டியூப்பைத் திறந்து, சுவரோரமாக வழியவிடுங்கள். அடுத்தது ஸ்பிரிட். துடைத்து முப்பது விநாடி காயாமல் குத்தினால் அதுவே செல்லை உடைக்கும், நோயாளிக்கும் எரியும். பெரியவர்களுக்கு 21 கேஜ் ஊசி, நரம்பு மெலிந்திருந்தால் 23. பிளஞ்சரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கையில் இறுக்கிக் கட்டும் டூர்னிக்கெட் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கையை மூடி மூடித் திறக்கச் சொல்லும் பழக்கத்தை விடுங்கள், அதனாலேயே பொட்டாசியம் கூடும். சிவப்பு டியூப்பை நிமிர்த்தி வைத்து அரை மணி நேரம் உறையவிடாமல் சென்ட்ரிஃபியூஜில் போட்டால் மேலே தெளிந்து நிற்கும் சீரத்தில் ஃபைப்ரின் என்ற உறைபுரத நூல் மிதக்கும், அது அனலைசரின் உறிஞ்சும் புரோபை அடைக்கும். இந்த அடைப்புக்குத்தான் மெஷின் பக்கத்து ஆட்கள் உங்கள் மேல் கோபப்படுவார்கள்.

"நீங்க முருகன்தானே?" என்று கேட்காதீர்கள். காது சரியாகக் கேட்காதவர்கூடத் தலையாட்டுவார். "உங்க பேரு என்ன?" என்று கேட்டு அவரே சொல்லட்டும். லேபிளை எடுத்த இடத்திலேயே, அவர் எதிரிலேயே ஒட்டுங்கள்.

அனலைசருக்குப் பதிலாக ஸ்மியர், அதாவது ஸ்லைடில் ரத்தத்தை மெல்லிசாக இழுத்துப் பார்க்கும் வேலை, கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். ஸ்லைடில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளி, இழுக்கும் ஸ்பிரெடர் முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி சாய்வு, நாக்கு வடிவம். ரத்தசோகை என்றால் கோணத்தைக் கூட்டுங்கள், ஹீமோகுளோபின் அதிகம் என்றால் குறையுங்கள். லீஷ்மன் ஸ்டெயின் இரண்டு நிமிடம், பிறகு இரண்டு மடங்கு pH 6.8 பஃபர் தண்ணீர், ஏழு முதல் பத்து நிமிடம். எல்லாம் நீலமாக அடித்தால் பஃபர் காரமாகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் சிவப்பணுக்கள் பூச்சி அரித்தது போலத் தெரிந்தால் நோயாக எழுதிவிடாதீர்கள். ஸ்லைடு மெதுவாகக் காய்ந்திருக்கும், அல்லது ஸ்டெயினில் ஈரம் ஏறியிருக்கும். விசிறிக் காயவைத்து, புதிய ஸ்டெயினில் ஒன்று போட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என மூன்றும் போட்டாயிற்றா? மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பாருங்கள், 10 mIU/ml-க்குக் குறையக் கூடாது. ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள், நேராக வெள்ளை டப்பாவுக்கு. ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது. இரவு ஷிப்ட்டில் அந்த மாத்திரை எந்த அறையில், யாரிடம் இருக்கிறது என்று நாளைக்கே கேட்டு வையுங்கள்.