தவக்கால வெள்ளியும் முந்நூறு தட்டு மீனும் – கடிதம், பதில்

அண்ணனுக்கு வணக்கம்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கில் வளர்ந்தவன் நான். இப்போது குடும்பத்தோடு அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்துக்கு அருகே இருக்கிறேன். ஊரில் வின்சென்ட் தே பவுல் சபையில் எட்டு வருடம் இருந்தேன். வாரம் ஒரு கூட்டம், இரண்டிரண்டு பேராக வீடு சந்திப்பு, ரகசிய உண்டியல், அரிசி, மருந்துச் செலவு என்று செய்த வேலை கண்ணுக்குத் தெரியும்.

இங்கே பங்கில் ஆண்கள் கூடுவது நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் சபையில். சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பங்கு மண்டபத்தில் 'ஃபிஷ் ஃப்ரை' நடத்துகிறார்கள். மாலை நாலரை முதல் ஏழு வரை முந்நூறு தட்டு போகும். "நீ கடற்கரைக்காரன், மீன் உனக்குத் தெரியும்" என்று இந்த வருடம் சமையலறையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எண்ணெய் ஃப்ரையர் மூன்று இருக்கிறது. போன வருடம் மாவு கழன்று, மீன் நமத்து, வரிசை வாசல்வரை நின்றதாகச் சொல்கிறார்கள்.

இரண்டு கேள்வி. மீன் பொரித்து விற்பது சேவையில் சேருமா? சேரும் என்றால், அதை ஒழுங்காகச் செய்வது எப்படி?

பெயர் வேண்டாம், அண்ணா.

*

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் விட்டு வந்த சபையும் சேர்ந்திருக்கும் சபையும் பிறந்த கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1833இல் பாரீசில் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது ஓசானாம் இருபது வயது மாணவர். 1881 அக்டோபரில் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில், புனித மரியா ஆலயத்தில் ஆண்களைக் கூட்டியபோது உதவிப் பங்குத்தந்தை மைக்கேல் மக்கிவ்னிக்கு வயது இருபத்தொன்பது. அந்தப் பங்கில் ஐரிஷ் தொழிலாளர் குடும்பங்கள் அதிகம். அப்பன் செத்தால் குடும்பம் தெருவுக்கு வரும், பிள்ளைகள் சிதறிப்போவார்கள். அன்றைக்குக் காப்புநிதி நடத்திய ரகசிய சங்கங்கள் பலவற்றில் கத்தோலிக்கர் சேரத் திருச்சபை அனுமதிக்கவில்லை. ஆகவே பங்குக்குள்ளேயே ஒரு சகோதர சங்கம், உறுப்பினர் இறந்தால் கைம்பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் பணம் என்று ஏற்பாடு செய்தார். 1882 மார்ச் 29இல் சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. முப்பத்தெட்டே வயதில் நிமோனியாவில் இறந்த அந்தக் குருவை 2020இல் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளராக உயர்த்தினார்கள்.

ஓசானாமின் சபை ஏழையின் வீட்டுக்கு நடந்து போனது. மக்கிவ்னியின் சபை, தன் ஆட்களில் ஒருவன் வீடு ஏழையாகிவிடாமல் முன்கூட்டியே காசு சேர்த்தது. காசு சேர்க்கும் பழக்கம் இந்தச் சபையின் எலும்பிலேயே இருக்கிறது. அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆனால் சேர்ந்த காசு எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு உறுப்பினருக்கும் உண்டு, உங்களுக்கும்தான். மீன் பொரிப்பது சேவையா என்பதற்கு என் பதில் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மீன்.

தவக்கால வெள்ளியில் சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒஹாயோவில் அதற்கு எவ்வளவு கனம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மெக்டொனால்ட்ஸின் மீன் பர்கர் 1962இல் அதே மாநிலத்தில், சின்சினாட்டியில் பிறந்தது. கத்தோலிக்கர் மிகுந்த பகுதியில் வெள்ளிக்கிழமை வியாபாரம் படுத்துவிட்டதால் ஒரு கிளைக்காரர் கண்டுபிடித்த வழி அது.

நம் ஊர்ச் சீலா மீன் பொரித்த கைப்பழக்கத்தை மறந்துவிடுங்கள். சீலா கெட்டிச் சதை, மசாலா தடவி ஊறவைத்தாலும் தாங்கும். அங்கே போடுவது காட், ஹாடக், பொல்லாக். இதழ் இதழாகப் பிரியும் மீன்கள், பெரும்பாலும் உறைந்த நிலையில் பத்துப் பவுண்டுப் பெட்டியாக வரும். உப்பும் மிளகாயும் தடவி ஊறவைத்தால் உப்பு நீரை வெளியே இழுக்கும், அந்த ஈரத்தில் மாவு பிடிக்காது. கைப்பழக்கத்தில் நீங்கள் செய்யக்கூடிய முதல் தவறு இது. காரம் வேண்டுமானால் மாவில் சேருங்கள்.

கணக்கு இப்படி. ஒரு தட்டுக்கு மூன்று அவுன்ஸ் துண்டு இரண்டு, ஆக ஆறு அவுன்ஸ். முந்நூறு தட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டரைப் பவுண்டு. உடைசலுக்கும் சேர்த்து நூற்றிருபது, அதாவது பன்னிரண்டு பெட்டி. துண்டின் கனம் முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெளியே சிவக்கும்போது உள்ளே பச்சையாக இருக்கும்.

புதன் இரவே பெட்டிகளை ஃப்ரீசரிலிருந்து குளிர்ப்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள், நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே. அடுக்கி வைத்தால் நடுப்பெட்டி வெள்ளி மதியமும் கல்லாக இருக்கும், பரப்பி வையுங்கள். மீன் காற்றில்லாத பிளாஸ்டிக் உறையில் வந்திருந்தால் உருகத் தொடங்குமுன் உறையைக் கீறித் திறக்க வேண்டும். காற்றே இல்லாத இடத்தில் பொட்டுலிசம் நஞ்சைத் தரும் கிருமி குளிரிலும் வளரும். மண்டபச் சமையலறைகளில் அதிகம் தவறவிடப்படும் விதி இது.

வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு நான்கு பேரை உட்காரவைத்து ஒவ்வொரு துண்டையும் காகிதத் துவாலையில் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். யாருக்கும் பிடிக்காத வேலை. போன வருடம் மாவு கழன்றதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த நான்கு பேர் இல்லாததாகத்தான் இருக்கும். ஒற்றிய துண்டை உலர்ந்த மைதாவில் புரட்டித் தட்டிவிட்டு, பிறகு கரைத்த மாவில் தோய்க்க வேண்டும்.

பத்துப் பவுண்டு மீனுக்கு இரண்டு பவுண்டு மைதா, அரைப் பவுண்டு சோளமாவு, பேக்கிங் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு மேசைக்கரண்டி, ஐஸ்போல் குளிர்ந்த சோடாத் தண்ணீர் இரண்டு குவார்ட், ஏறக்குறைய இரண்டு லிட்டர். பலர் பீர் ஊற்றுவார்கள். பிள்ளைகளும் சாப்பிடும் இடத்தில் சோடா போதும், மொறுமொறுப்பு வாயுக் குமிழியால் வருவது. பஜ்ஜி மாவைவிட ஒரு பிடி நெகிழ்வாக இருக்கட்டும். அதிகம் அடித்துக் கலக்கினால் ரப்பராகும், கட்டி இருந்தால் பாதகமில்லை. அரைமணிக்கு வேண்டியதை மட்டும் கரைத்துப் பாத்திரத்தை ஐஸ் மேல் வையுங்கள். மிஞ்சிய மாவில் பச்சை மீன் நீர் கலந்திருக்கும், அதைக் கொட்டிவிட வேண்டும்.

எண்ணெய் முந்நூற்றறுபது டிகிரி ஃபாரன்ஹீட், பத்துப் பதினைந்து கூடலாம். மாவில் தோய்த்த துண்டைக் கூடையில் போட்டுக் கூடையை இறக்கினால் மாவு கம்பிவலையில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது தோல் உரியும். வெறுங்கூடையை முதலில் எண்ணெய்க்குள் இறக்குங்கள். துண்டின் நுனியைப் பிடித்து முக்கால் பாகத்தை எண்ணெயில் விட்டு, மூன்று நான்கு விநாடி அப்படியே மெல்ல ஆட்டுங்கள். மாவு உப்பிப் பாரம் குறைவது விரலுக்குத் தெரியும். அப்போது உடம்புக்கு எதிர்ப்புறமாகக் கையை விட வேண்டும். துண்டு மிதக்கும். கூடைக்கு எட்டுத் துண்டு, நான்கு நிமிடம். மிகத் தடித்த துண்டில் வெப்பமானியைக் குத்தி நூற்று நாற்பத்தைந்து டிகிரி பாருங்கள்.

வரிசை நீள்கிறதே என்று கூடைக்குப் பதினைந்து துண்டு போடுவதுதான் எல்லா மண்டபத்திலும் நடப்பது. எண்ணெய் சட்டென்று குளிர்ந்து முந்நூறுக்குக் கீழே போகும், மாவு எண்ணெயைக் குடிக்கும், நான்கு நிமிடம் ஏழாகும். வேகமாக்கப் போய் வரிசை இன்னும் நீளும். உங்களுடைய மூன்று ஃப்ரையரில் தலா இரண்டு கூடை, கூடைக்கு எட்டு என்றால் ஒரு சுற்றுக்கு நாற்பத்தெட்டுத் துண்டு. எண்ணெய் மறுபடி சூடேறுவதையும் சேர்த்துச் சுற்றுக்கு ஆறு நிமிடம். மணிக்குப் பத்துச் சுற்று, இருநூற்று நாற்பது தட்டு. கூட்டம் உச்சத்தில் இருக்கும் ஐந்தேகால் முதல் ஆறேகால் வரை இது தாராளம், ஒரு நிபந்தனையோடு: மூன்று ஃப்ரையரும் மீனுக்கே வேண்டும். உருளைக்கிழங்குப் பொரியலுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தால் மணிக்கு நூற்றறுபதுதான். கிளீவ்லாந்தில் இருக்கிறீர்கள், பியரோகியைத் தட்டில் வையுங்கள். போலந்துக்காரர் கொண்டுவந்த அந்தக் கிழங்குக் கொழுக்கட்டையை அந்த ஊரில் யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். தட்டுக்கு மூன்று, மொத்தம் எழுபத்தைந்து டஜன். தண்ணீரில் கொதித்து மேலே மிதந்ததும் எடுத்து, வெங்காயம் வதக்கிய வெண்ணெயில் புரட்டினால் ஆயிற்று.

பொரித்ததைத் தட்டையான கம்பிச் சட்டத்தில் வையுங்கள். மூடிய அலுமினியத் தட்டில் குவித்தால் தன் ஆவியிலேயே நமத்துப்போகும், போன வருடம் நடந்தது அதுதான். எண்ணெய்க்கு மேல் நின்று உப்புத் தூவ வேண்டாம், எண்ணெய் சீக்கிரம் கெடும். சுற்றுக்குச் சுற்று மாவுத்துகளை அரித்தெடுங்கள். எண்ணெய்த் தீக்கென்று உள்ள 'கே' வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, தேதி தாண்டவில்லையா என்று நீங்களே பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் பரிமாறட்டும், ஃப்ரையர் பக்கம் வரக் கூடாது.

கோல்ஸ்லா என்ற கோஸ் சாலட் தட்டுக்கு நான்கு அவுன்ஸ், எழுபத்தைந்து பவுண்டு. முந்தைய நாளே சாஸ் கலந்தால் கோஸ் தண்ணீர் விடும்.

இனிக் காசு. மாவட்டச் சுகாதாரத் துறையிடம் தற்காலிக உணவு அனுமதி தேவையா என்று இப்போதே கேளுங்கள். மீன், எண்ணெய், பெட்டி, எரிவாயு எல்லாம் சேர்த்து ஒரு தட்டுக்கு அடக்கம் என்ன என்று எழுதிய பிறகு விலை வையுங்கள். போன வருட விலையைக் காப்பியடிக்க வேண்டாம். பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட்டு, அன்றிரவே நிதிச் செயலரிடம் கொடுக்க வேண்டும். வந்து வேலை செய்தவர்கள் பெயரும் மணிக்கணக்கும் ஒரு தாளில் ஏறட்டும், ஆண்டுதோறும் ஜனவரி 31க்குள் தலைமையகத்துக்கு அனுப்பும் 1728ஆம் எண் படிவத்துக்கு அது வேண்டும்.

உங்கள் முதல் கேள்வி இங்கேதான் வருகிறது. முதல் வெள்ளிக்கு முன்பே, சபையின் உள்ளூர்க் கிளையான கவுன்சிலின் கூட்டத்தில், இந்த வருட லாபம் யாருக்கு என்று தீர்மானம் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். உணவு வங்கிக்குக் கவுன்சில் ஐந்நூறு டாலர் கொடுத்தால் தலைமையகம் நூறு டாலர் திருப்பித் தரும் திட்டம் உண்டு. ஒரு குருமாணவருக்கு ஐந்நூறு கொடுத்தாலும் அப்படியே. குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குக் கோட்டு வாங்கும் திட்டமும் இருக்கிறது. "பங்குக்கு" என்று பொதுவாக எழுதினால் பணம் மண்டபத்து நாற்காலிக்கும் விளக்குக்கும் கரையும். நாற்காலியும் வேண்டும்தான், ஆனால் அதற்காக நூற்றிருபது பவுண்டு மீனை ஒற்றி எடுக்க நான்கு பேர் உற்சாகமாக வர மாட்டார்கள். இறந்துபோன உறுப்பினர்களின் மனைவியர் பட்டியல் கவுன்சிலில் இருக்கும். மக்கிவ்னி யாருக்காகத் தொடங்கினாரோ அவர்கள். அவர்களில் யாருக்கு வீட்டுச் சூடேற்றும் கட்டணம் பாக்கி, யாருக்கு மருந்துக்குத் தட்டுப்பாடு என்று கேட்க ஊரில் பழகிய கை உங்களுக்கு இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் அதை நீங்கள்தான் எழுப்ப வேண்டும்.

இன்னொன்று. வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகிறவர்களிடம் பெயர்கள் இருக்கும். அவர்கள் சம்மதத்தோடு வாங்குங்கள், இருபது முப்பது வீடு வரலாம். கதவு நாலரைக்குத்தான் திறக்கும். நாலு மணிக்கு முதல் சுற்று மீன் அவர்களுக்கு. பெட்டி மூடியில் இரண்டு துளை போடுங்கள், இல்லையென்றால் போய்ச் சேரும்போது மாவு நனைந்துவிடும். கோல்ஸ்லா தனிக் கிண்ணத்தில். கொண்டுபோவது ஊரில் செய்தபடி இரண்டிரண்டு பேராக, ஓட்டுநருக்கு நான்கு வீட்டுக்கு மேல் கூடாது. நான்குக்கு மேல் போனால் மீன் ஆறும், பெட்டியை வாசலில் வைத்துவிட்டு ஓடத் தோன்றும். உள்ளே போய் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரம் ஒரு பெட்டி மீனை வைத்து, உங்கள் ஆட்களோடு மூன்று ஃப்ரையரிலும் ஒத்திகை பாருங்கள். எந்த ஃப்ரையரின் வெப்பமானி பொய் சொல்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்