தண்டவாளக் கேள்விகள்: நடுவில் பாய்லர், இரு பக்கமும் தொட்டி

கேள்வி: பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தாய்லாந்தின் காஞ்சனாபுரி போயிருந்தோம். குவாய் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய எஞ்சின் நிற்கிறது. பாய்லர் நடுவில், முன்னாலும் பின்னாலும் தொட்டி. இரண்டு எஞ்சினை ஒட்டவைத்திருக்கிறார்கள் என்கிறான் மகன். அது என்ன எஞ்சின்? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மகன் சொன்னதில் பாதி சரி. அது 457 எண் போட்ட கார்ரெட் எஞ்சின். 1936-ல் ஜெர்மனியில் ஹென்ஷல் கம்பெனி செய்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்வேக்குக் கொடுத்தது. மரண ரயிலுக்காக, அதாவது போர்க்காலத்துச் சயாம்-பர்மா பாதைக்காகச் செய்தது என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. மலாயாவின் நம் தோட்டத்து ஜனங்களைக் கொண்டுபோய் 1942-43-ல் அந்தப் பாதையைப் போட்ட ஜப்பானியர்கள், தங்கள் ஊரின் சி56 எஞ்சின்கள் 90-ஐ மீட்டர் கேஜுக்கு (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம்) மாற்றிக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அவை சின்ன எஞ்சின்கள்.

கார்ரெட்டில் இரண்டு எஞ்சின் இருப்பது உண்மை. பாய்லர் மட்டும் ஒன்றுதான். முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் ஒரு எஞ்சின். ஒவ்வொன்றுக்கும் தனிச் சிலிண்டர், தனிச் சக்கரங்கள். பாய்லரும் டிரைவர் நிற்கும் கேபினும் நடுவில், பல்லக்கு மாதிரி இரண்டு பக்கமும் தாங்கப்பட்டுத் தொங்குகின்றன. தாங்கும் இடத்தில் பெரிய பிவட், அதாவது திரும்ப விடும் சுழல் மூட்டு. வளைவு வந்தால் முன் எஞ்சின் தன் போக்கில் திரும்பும், பின் எஞ்சினும் அப்படியே.

இதை யோசித்தவர் ஹெர்பர்ட் வில்லியம் கார்ரெட் என்ற ஆங்கிலேய எஞ்சினியர். காப்புரிமை 1907-ல். மான்செஸ்டரின் பேயர் பீகாக் கம்பெனி 1909-ல் செய்த முதல் இரண்டும் டாஸ்மேனியாவுக்குப் போயின, வெறும் 2 அடி அகலப் பாதைக்கு. 1911-ல் டார்ஜிலிங் மலை ரயிலுக்கு ஒன்று வந்தது.

கேள்வி: மீட்டர் கேஜில் பெரிய எஞ்சின் ஓட்ட முடியாது, நம் நாட்டு ரயில் மெதுவாகப் போனதற்கு அதுதான் காரணம் என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். உண்மையா? – வாசகி, கிள்ளான்

பதில்: மாமனாரோடு சண்டை வேண்டாம். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவின் 59 வகுப்புக் கார்ரெட் எஞ்சினைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள்.

கென்யாவில் மொம்பாசாவிலிருந்து நைரோபி போகும் பழைய பாதையும் மீட்டர் கேஜ்தான், நம் தைப்பிங்கில் 1885-ல் போட்ட அதே அகலம். கடல் மட்டத்தில் கிளம்பி 1,600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சி முடியும் தறுவாயில், 1955-56-ல், பேயர் பீகாக் இந்தப் பாதைக்கு 34 கார்ரெட்டுகளைச் செய்து அனுப்பியது. ஒவ்வொன்றும் 252 டன், 104 அடி நீளம், 28 சக்கரம். 66-க்கு 1 ஏற்றத்தில் (66 அடி போனால் 1 அடி உயரும்) 1,200 டன் சரக்கை இழுத்தவை. மீட்டர் கேஜில் இதைவிட பலமான ஸ்டீம் எஞ்சின் ஓடியதில்லை. எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்து மலைகளின் பெயர். நம் மலாயா ரயில்வேயின் 56 வகுப்பு எஞ்சின்களுக்கு ஊர்ப் பெயர் வைத்த மாதிரி.

எப்படி முடிந்தது என்றால், பாய்லரைப் பாருங்கள். குறுக்களவு 7 அடி 6 அங்குலம். தண்டவாளங்களுக்கு நடுவே இருப்பது ஒரு மீட்டர். அதாவது பாதையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பருமன். சாதாரண எஞ்சினில் பாய்லருக்கு அடியிலேயே பெரிய சக்கரங்கள் இருக்கும். நெருப்புப் பெட்டியை அவற்றுக்கு இடையில் நெருக்கித் திணிக்க வேண்டும், அல்லது மேலே தூக்கி வைக்க வேண்டும். கார்ரெட்டில் பாய்லருக்கு அடியில் ஒன்றும் இல்லை. வேண்டிய அகலம், வேண்டிய ஆழம். நீராவிக்குப் பஞ்சமே வராது. பாரமும் 14 அச்சில் பரவிவிடுகிறது, எந்த அச்சிலும் 21 டன்னுக்கு மேல் இல்லை. வளைவில் போகும்போது பாய்லர் உள்பக்கமாக ஒதுங்கும், அதனால் கவிழும் பயம் குறைவு. ஜாவா மலைகளில் டச்சுக்காரர்கள் ஓட்டிய மாலெட் எஞ்சினில் இது நேர் எதிர்: பின் எஞ்சின் பாய்லரோடு இறுக்கமாகக் கட்டியது, முன் எஞ்சின் மட்டும் திரும்பும், பாய்லர் மூக்கு வளைவுக்கு வெளியே நீட்டும்.

எண்ணெய் எரித்துத்தான் ஓட்டினார்கள். நீண்ட ஓட்டத்துக்கு இரண்டு கோஷ்டி ஆட்கள். ஒரு கோஷ்டி ஓட்டும்போது இன்னொன்று எஞ்சினோடு வரும் கபூஸ் வண்டியில் தூங்கும். சீக்கிய டிரைவர்கள் தங்களுக்கென்று கொடுத்த எஞ்சினின் கேபினைப் பித்தளை பளபளக்க வைத்திருந்தார்கள். இதைவிடப் பெரிதாக 61 வகுப்பு என்று ஒன்றும் வரைந்தார்கள். அது காகிதத்தோடு நின்றது, டீசல் வந்துவிட்டது.

கேள்வி: இவ்வளவு நல்ல எஞ்சின் என்றால் உலகம் முழுக்க ஏன் வாங்கவில்லை? – செந்தூல் வாசகர்

பதில்: செந்தூல்காரர் கேட்கிறார், பதிலும் ஒர்க்‌ஷாப் பாஷையில் சொல்கிறேன். நான் செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது ஸ்டீம் எஞ்சின்கள் விடைபெற்றுக்கொண்டிருந்த காலம். நீராவிக் குழாயில் அசையாத இணைப்பு கசிந்தாலே ஃபிட்டருக்குப் பாடு. கார்ரெட்டில் பாய்லரிலிருந்து இரண்டு எஞ்சினுக்கும் போகும் குழாய்கள் வளைவுக்கு வளைவு அசைந்துகொண்டே இருக்க வேண்டும். பந்து மூட்டு, பேக்கிங், கிரீஸ், எல்லாம் சூட்டில். நைரோபி ரயில்வே மியூசியத்தில் நிற்கும் 5918-ஐப் பார்க்கப் போனபோது பிவட்டுக்குக் கீழே குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். ஸ்பேனரைத் திருப்ப இடமே இல்லை. அங்கே வேலை செய்த ஃபிட்டர்களுக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் இன்னொரு குறை. தண்ணீரும் எண்ணெயும் வண்டியை இழுக்கும் சக்கரங்களின் மேலேயே இருக்கின்றன. தீரத் தீரப் பாரம் குறையும், சக்கரத்தின் பிடியும் தளரும். முன் எஞ்சின் சறுக்க ஆரம்பிக்கும், அதுவும் ஏற்றத்தின் உச்சியில், மழையில். தென்னாப்பிரிக்காவில் சில வகைகளுக்குத் தண்ணீர் வண்டியைத் தனியாகக் கோர்த்து இழுத்தார்கள். வாங்கும் விலையும் அதிகம். பாதை நேராக, தண்டவாளம் கனமாக இருக்கிற நாட்டுக்காரன் எதற்கு இதை வாங்குவான்?

கேள்வி: மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள். அடுத்த வருடம் பட்டமளிப்புக்குப் போகிறோம். அங்கே ஒன்று பார்க்கக் கிடைக்குமா? – வாசகி, பினாங்கு

பதில்: கிடைக்கும். அறிவியல், தொழில் மியூசியத்தில் தென்னாப்பிரிக்க ஜிஎல் வகுப்புக் கார்ரெட் ஒன்று இருக்கிறது, அந்த ஊரிலேயே செய்தது. அந்த ஹால் திறந்திருக்கிறதா என்று மகளை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் வேல்ஸ் போக வேண்டும். வெல்ஷ் ஹைலேண்ட் ரயில்வேயில், தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த 2 அடிப் பாதைக் கார்ரெட்டுகள் கெர்னார்வனிலிருந்து போர்த்மாடோக் வரை பயணிகளை இழுக்கின்றன. குளிர்காலத்தில் போகாதீர்கள், வண்டிகள் குறைவு. ஜன்னல் சீட் கேளுங்கள், வளைவில் எஞ்சின் முழுசாகத் தெரியும்.