திவானில் அம்மா, ஏ.சி.யில் எஞ்சின்

கேள்வி: எனக்கு வயது 49. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சொந்த வீடு. சின்ன வயதில் பெரியப்பா பிரான்சிலிருந்து ஒரு ழுவெஃப் கம்பெனி பொம்மை ரயில் செட் வாங்கி வந்தார். அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. ஓடாத பழைய எஞ்சின்களை வாங்கிப் பழுது பார்த்து ஓட வைக்கிறேன். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. அப்பா காலமான பிறகு அம்மா ஹாலில் திவானிலேயே படுத்துக்கொள்வதால், அவர் அறையில் எட்டுக்கு நாலு பிளைவுட் போட்டு ரயில் பாதை அமைத்திருக்கிறேன். உப்புக் காற்றில் தண்டவாளம் துருப்பிடிப்பதால் ஏ.சி.யும் மாட்டினேன். மனைவியோ எல்லாவற்றையும் விற்கச் சொல்லி தினமும் சண்டை போடுகிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: ‘குடி, சிகரெட் கிடையாது’ என்று எழுதாத கணவர் யாரும் இதுவரை எனக்குக் கடிதம் போட்டதில்லை. புறா வளர்ப்பவர், நாணயம் சேர்ப்பவர், மீன்தொட்டிக்காரர் என்று எல்லோர் வீட்டிலும் சண்டை செலவைப் பற்றித்தான். உங்கள் வீட்டில் அது மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

‘அம்மா திவானிலேயே படுத்துக்கொள்வதால்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். தம்பி, அம்மா ஹாலுக்கு வந்த பிறகு பிளைவுட் வந்ததா, பிளைவுட் வந்த பிறகு அம்மா வந்தாரா? அதை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டீர்கள். “எனக்கெதுக்குப்பா அவ்வளவு பெரிய ரூம், இங்கதான் காத்து வருது” என்று அவரே சொல்லியிருப்பார். மகன் ஆசைப்படுகிறான் என்று தெரிந்தால் எந்த அம்மாவும் அப்படித்தான் சொல்வார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பிள்ளைகளுக்கு வசதி.

ஹாலில் படுப்பது என்றால் என்னவென்று ஒரு வாரம் படுத்துப் பாருங்கள். டி.வி. அணைகிற வரை கண்ணயர முடியாது. வாசலில் பெல் அடித்தால் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார வேண்டும். புடவை மாற்ற எந்த அறை காலி என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாத்திரை டப்பா, கண்ணாடி, சுருக்குப்பை எல்லாம் தலையணைக்கு அடியில். கத்திரி வெயிலில் அவர் ஃபேன் காற்றில் புரள, பக்கத்து அறையில் இரும்புக்கு ஏ.சி. ஓடுகிறது. உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

வீட்டில் மூத்தவருக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மாமியார் புடவை மாற்ற இடமில்லாமல் நிற்பதைத் தினமும் பார்க்கிறவர் உங்கள் மனைவி. ‘விற்றுத் தொலை’ என்கிற கோபத்தில் அதுவும் இருக்கும்.

பொழுதுபோக்கை நான் குறை சொல்லவில்லை. பல வருடம் அசையாமல் கிடந்த எஞ்சினைப் பிரித்து, பசையாக இறுகிய கிரீஸை வழித்தெடுத்து, கார்பன் பிரஷ் மாற்றி, 12 வோல்ட் கொடுத்ததும் அது முனகிக்கொண்டு நகர்ந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? ஆனால் அதற்கு ஒரு முழு அறை எதற்கு? துருப்பிடிப்பது பழைய எஃகுத் தண்டவாளம். நிக்கல் சில்வர் என்று விற்கிறார்களே (பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம்), அதில் அந்தத் துரு வராது. அழுக்குப் படிந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் தீர்ந்தது. இத்தனை வருடம் இதில் ஊறிய உங்களுக்கு இது தெரியாதென்று என்னால் நம்ப முடியவில்லை.

எட்டுக்கு நாலு பலகை வேண்டியிருப்பது ரயிலை வட்டமடிக்க விடுவதற்காகத்தான். இங்கிள்நூக் என்று ஒரு ஷண்டிங் அமைப்பு, அதாவது எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டிப் பெட்டிகளை இடம் மாற்றுகிற அமைப்பு இருக்கிறது. ஓரடி அகலம், நாலைந்து அடி நீளம் போதும். மூன்று கிளைப் பாதை. ஒன்றில் 5 பெட்டி நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மொத்தம் 8 பெட்டிகளை நிறுத்திவிட்டு, சீட்டுக் குலுக்கி வந்த வரிசைப்படி 5 பெட்டிகளை ஒரே எஞ்சினால் கோத்துக் காட்ட வேண்டும். சும்மா சுற்றுவதைவிட மூளைக்கு வேலை அதிகம். திவான் கிடக்கிற சுவரில் ஒரு பலகை அடித்தால் இடம் தாராளம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பிளைவுட்டைக் கழற்றுங்கள். சோல்டரிங் நெடி போக அறையைக் கழுவி, கட்டிலைப் போடுங்கள். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார், கேட்காதீர்கள். ஏ.சி. அங்கேயே இருக்கட்டும். அப்புறம் மனைவியோடு உட்கார்ந்து, எஞ்சினுக்கு மாதம் எவ்வளவு என்று பேசி முடியுங்கள். போகும்போது பழைய பில்களையும் எடுத்துக்கொண்டு போங்கள், மறைத்து வைத்தவை உட்பட.