சைவம் சமைத்தும் யூத நண்பர் ஏன் சாப்பிடவில்லை?

விருந்துக்கு வந்த யூத நண்பர், நீங்கள் இறைச்சியே சேர்க்காமல் சமைத்தும் வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டு எழுந்ததற்குக் காரணம் அநேகமாகக் குழம்பு இல்லை, சட்டி. யூதர்களின் உணவு விதிகளுக்குக் கோஷர் என்று பெயர். அந்த முறைப்படி அறுக்காத கடைக்கோழி முன்பு வெந்த பாத்திரம் அதன் சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது கோஷர் கணக்கு. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவருக்கு அது ஆகாது.

சீஸ் போட்டீர்களா? அதை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் என்ற பொருளைச் சேர்ப்பதுண்டு; அதனால் அதுவும் அவருக்கு ஆகாமல் போயிருக்கலாம்.

அடுத்த முறை, வட்டத்துக்குள் 'யூ' மாதிரி கோஷர் முத்திரை உள்ள பொட்டலமாகப் பார்த்து வாங்கி, பிரிக்காமல் காகிதத் தட்டோடு வையுங்கள். ஆனால் எல்லா யூதரும் ஒரே அளவு கண்டிப்பில்லை. முதலில் அவரையே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், இந்த விதிகள் உங்களைக் கட்டாது. யூதரல்லாதவருக்கு அவர்கள் மரபு சொல்லும் நோவாவின் 7 கட்டளைகளில் உணவு பற்றியது ஒன்றே: உயிரோடுள்ள விலங்கிலிருந்து அறுத்ததைத் தின்னக்கூடாது.