ஹொய்குயென் செயலி அவர் போனில் இருக்கட்டும்

கேள்வி: டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் இருக்கிறேன். கணவர் ஜப்பானியர், மகனுக்கு இரண்டரை வயது. அவர் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும், வந்ததும் கையில் போன். கேட்டால், "குழந்தை வளர்ப்பு பற்றித்தான் படிக்கிறேன்" என்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஹொய்குயெனிலிருந்து (குழந்தைகள் காப்பகம்) எனக்குத்தான் போன் வரும், லீவு போடுவதும் நான்தான். வீட்டுக்குள் போனே கூடாது என்று சொல்லிவிடலாமா அக்கா?

பதில்: வேண்டாம்மா. உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் போனைப் பிடுங்கி வைத்தால் அவர் கை சும்மா இருக்கும், அவ்வளவுதான், அந்தக் கை தானாகப் போய்ப் பாத்திரம் கழுவாது. ஜப்பான் அரசின் கணக்கெடுப்பையே பாருங்கள். ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள வீடுகளில் அப்பாக்கள் வீட்டு வேலைக்கும் பிள்ளைக்கும் சேர்த்துச் செலவிட்ட நேரம் 2006-இல் நாளுக்கு 1 மணி நேரம், அப்போது ஐபோனே வரவில்லை. எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்ட 2021-இல் அது 1 மணி 54 நிமிடம். அம்மாக்களுக்கோ 7 மணி 28 நிமிடம்! போன் வருவதற்கு முன்பும் அப்பா வீட்டில் இல்லை, ஆபீஸில்தான் இருந்தார்.

அவர் படிக்கிறேன் என்பதை நான் நம்புகிறேன். பிள்ளை வளர்க்கும் அப்பாக்களை 'இகுமென்' என்று சொல்லி 2010-இல் அரசே ஊக்குவிக்கத் தொடங்கியது, அப்பாக்கள் படிப்பதற்கென்றே இணையத்தில் நிறைய இருக்கிறது. ஆனால் நேற்று மகனுக்கு வயிறு சரியில்லை என்பது உங்களுக்கு மட்டும்தானே தெரியும்? அது எந்தக் கட்டுரையிலும் வராது.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். காப்பகத்துக்குத் தினமும் எழுதுகிற ரென்ராகுச்சோ (தொடர்புக் குறிப்பேடு) இப்போது பல இடங்களில் செயலியாகிவிட்டது, அதை அவர் போனில் போட்டு, "திங்கள் முதல் நிரப்புவது உங்கள் பொறுப்பு" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். உடம்புச் சூடு எவ்வளவு, ராத்திரி என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான், வெளிக்குப் போனானா, இதையெல்லாம் எழுத வேண்டுமென்றால் காலையில் தெர்மாமீட்டரோடு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும். தப்பாக எழுதினால் நீங்கள் திருத்தாதீர்கள், கஷ்டம்தான், ஆனாலும் ஆசிரியை கேட்கும்போது அவரே பதில் சொல்லட்டும். அப்புறம் அவசரத் தொடர்புக்கு அவர் எண்ணை முதலில் கொடுங்கள், பிள்ளையின் உடம்புச் சூடு 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அவர் போன் அடிக்கட்டும்.

அந்த ஒன்பது மணி விஷயத்தையும் விடாதீர்கள். பிள்ளை தொடக்கப் பள்ளியில் சேரும்வரை ஓவர்டைம் வேண்டாம் என்று கேட்கும் உரிமை 2025 ஏப்ரலிலிருந்து அப்பாவுக்கும் உண்டு, அதற்கு முன்பு மூன்று வயது வரைதான் கேட்க முடிந்தது. ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தயங்குவார். சரி, முதலில் ஒரே ஒரு மாதத்துக்குக் கேட்கட்டும். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தால் பிள்ளை முழித்திருப்பான், ஒஃபுரோவில் (வெந்நீர்க் குளியல் தொட்டி) இரண்டு பேரும் சேர்ந்தே குளிக்கலாம்.