முதல் கார்: 200 குதிரையா, 67 குதிரையா?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பர்மிங்காம் வந்து ஐந்து மாதம். கையில் இந்திய லைசென்ஸ். வாரத்தில் மூன்று நாள், ஒரு வழிக்கு 22 மைல் அலுவலகம் போய்வர வேண்டும். சேர்த்து வைத்தது 10,000 பவுண்டு. 2018-ஆம் ஆண்டு ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி (ஃபியஸ்டாவின் 200 குதிரைத்திறன் வேக வகை) ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. கூடத் தங்கியிருப்பவர்களோ, "பேசாமல் ஹூண்டாய் ஐ10 வாங்கு, மைலேஜாவது கிடைக்கும்" என்கிறார்கள். மார்ச்சில் மனைவி வருகிறார். எதை வாங்குவது?

ஐ10 வாங்குங்கள். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்லும் காரணத்துக்காக வேண்டாம்.

மைலேஜ் கணக்கை முதலில் முடித்துவிடலாம். எந்தக் காரைப் பார்த்தாலும் "எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்பது நம் ரத்தத்தில் ஊறியது. இங்கே பெட்ரோலை லிட்டரில் விற்றுவிட்டு, கணக்கை மட்டும் கேலனுக்கு எத்தனை மைல் என்று சொல்வார்கள். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். ஐ10 கேலனுக்கு 50 மைல் ஓடுகிறது என்று வையுங்கள், அது லிட்டருக்கு 17.7 கிலோமீட்டர். எஸ்டியை ஓரளவு அடக்கமாக ஓட்டினால் 38 மைல் என்று வையுங்கள். வார இறுதிச் சுற்றலையும் சேர்த்து ஆண்டுக்கு 9,000 மைல் ஓட்டினால், இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 260 லிட்டர். லிட்டர் 1.40 பவுண்டு என்றாலும் 360 பவுண்டுதான் வருகிறது. மாதம் முப்பது பவுண்டு. பிடித்த காருக்காக மாதம் முப்பது பவுண்டு கொடுப்பதில் தப்பே இல்லை, நானே கொடுக்கச் சொல்வேன்.

சாலை வரியிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவான பெட்ரோல் கார் என்றால், இரண்டாம் ஆண்டிலிருந்து சின்னக் காருக்கும் வேகக் காருக்கும் ஒரே வரிதான். அதற்கு முன்பு பதிவான சின்னக் கார்கள் பலவற்றுக்கு ஆண்டுக்கு வெறும் 20 பவுண்டு. பழைய கார் பார்ப்பதாக இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

உண்மையான செலவு இன்சூரன்ஸில் இருக்கிறது. நீங்களே விலை கேட்டு எழுதியிருக்கிறீர்கள்: எஸ்டிக்கு 3,150, ஐ10-க்கு 1,420. ஆண்டுக்கு 1,730 பவுண்டு வித்தியாசம். பெட்ரோல் வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இந்த எண்ணைக் கேள்வியின் கடைசி வரியில் போட்டிருந்தீர்கள், நான் அதைத்தான் முதலில் படித்தேன்.

ஏன் இப்படி என்றால், இங்கே இந்த வயதுக் கார்களை 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரிப்பேர் செலவு, உதிரிபாக விலை, வேகம், திருட்டுக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து எண் கொடுப்பார்கள். ஐ10-இன் 1.0 லிட்டர் வகைகள் அந்த வரிசையின் அடிமட்டத்தில் இருக்கும். எஸ்டி முப்பதை ஒட்டி நிற்கும். இது காரின் ஜாதகம். அதன் பக்கத்தில் உங்கள் ஜாதகத்தையும் வைத்துப் பார்ப்பார்கள்: வயது, போஸ்ட்கோடு, எந்த நாட்டு லைசென்ஸ், எத்தனை ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டினீர்கள் என்பது. இந்தியாவில் பன்னிரண்டு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியதற்கு இங்கே பெரும்பாலும் மதிப்பு கிடையாது. நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரிதான் கணக்கு தொடங்கும். பொருத்தம் பார்க்கும்போது இரண்டு ஜாதகத்திலும் தோஷம் இருந்தால் 3,150 வரத்தான் செய்யும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். "இங்கத்து லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு, உன்னை இரண்டாவது ஓட்டுநராகப் போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது வழி சொல்வார்கள். தினமும் ஓட்டுவது நீங்கள் என்றால் அது மோசடி. விபத்து நடந்தபிறகுதான் தெரியவரும், அப்போது பணமும் வராது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகிவிட்டால் 300 பவுண்டு அபராதத்தோடு லைசென்ஸில் ஆறு தண்டனைப் புள்ளி.

அந்த ஆறு புள்ளி என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம், அதற்கு முன் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு விஷயம். இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள், தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். உங்களுக்கு மீதம் ஏழு மாதம். அதற்குள் புரொவிஷனல் லைசென்ஸ் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து, தியரியில் ஐம்பதுக்கு 43 வாங்கி, அதோடு சாலையில் வரும் ஆபத்தை வீடியோவில் கண்டுபிடிக்கும் ஹசார்ட் பகுதியிலும் தேறி, பிறகு ஓட்டும் தேர்வுக்குத் தேதி பிடிக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பல இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கே தொடங்கினாலும் நெருக்கடிதான்.

இதில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்கு உதவும். 2012-இல் மில்ட்டன் கீன்ஸ் வந்தேன். ரவுண்டபவுட்டுக்கு (நம் ரவுண்டானா) பேர்போன ஊர். பத்தாவது மாதம் சிவப்பு நிறத்தில் ஒரு ஹாட் ஹாட்ச் (எஸ்டி மாதிரி வேகமான சின்னக் கார்) வாங்கினேன், இன்சூரன்ஸை மாதத் தவணையில் வட்டியோடு கட்டிக்கொண்டு. பத்து வருடம் ஓட்டிய திமிரில் தேர்வுக்குப் போனால், ரவுண்டபவுட்டில் கண்ணாடி பார்க்கவில்லை என்று தோற்கடித்து அனுப்பினார்கள். மறுதேர்வுக்குத் தேதி கிடைப்பதற்குள் 12 மாதம் முடிந்துவிட்டது. ஏழு வாரம் அந்தக் கார் வாசலில் மழையில் நனைந்துகொண்டு நிற்க, நான் அதன் பக்கமாக நடந்து பஸ் ஏறப் போவேன். தவணை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஐ10 மாதிரி ஒன்று நின்றிருந்தாலும் வருத்தம்தான், ஆனால் அது தாங்கக்கூடிய வருத்தம்.

தேர்வில் தேறிவிட்டாலும் முதல் இரண்டு ஆண்டு கவனம் வேண்டும். அந்த இரண்டு ஆண்டுக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே ரத்து, மறுபடி புரொவிஷனலில் இருந்து தொடங்க வேண்டும். வேகக் கேமராவில் மாட்டிப் புள்ளி விழுந்தால் ஒருமுறைக்குக் குறைந்தது மூன்று. அப்படி இரண்டு முறை விழுந்தால் கதை முடிந்தது. எஸ்டி நின்ற இடத்திலிருந்து மணிக்கு 62 மைலைத் தொட ஆறரை விநாடி எடுத்துக்கொள்கிறது. ஐ10-க்கு அதே வேலைக்குக் கிட்டத்தட்ட பதினைந்து விநாடி. உங்களுக்குத் தன்னடக்கம் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு இருந்ததில்லை, அதனால் சொல்கிறேன்.

சரி, சின்னக் கார் ஓட்டினால் மோட்டார்வேயில் லாரிகள் நசுக்கிவிடுமே என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்தில் பாதி நியாயம். 67 குதிரைத்திறனில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் கார் மூச்சு வாங்கத்தான் செய்யும். மீதிப் பாதி நம் பழக்கம். மைலேஜுக்காகச் சீக்கிரமே மேல் கியருக்குப் போய்ப் பழகிவிட்டோம். இங்கே மோட்டார்வேயில் இணையும் பாதையில் மூன்றாவது கியரிலேயே வைத்து, எஞ்சின் கத்துகிற அளவுக்கு மிதித்து, உள்ளே ஓடும் வண்டிகளின் வேகத்துக்கு வந்த பிறகுதான் கியர் மாற்ற வேண்டும். எஞ்சின் கத்தினால் உடைந்துவிடாது. சின்னக் காரில் இப்படி முழு சக்தியையும் பிழிந்து ஓட்டுவதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு. எஸ்டியில் அதைச் செய்தால் இரண்டாவது கியரிலேயே ஊருக்குள் வேக எல்லை தாண்டிவிடும்.

டயர் ஒரு செலவு, யாரும் சொல்லமாட்டார்கள். எஸ்டிக்கு 17, 18 அங்குலச் சக்கரம், மெல்லிசான டயர். இங்கத்துச் சாலைப் பள்ளங்கள் குளிர்காலம் முடிந்ததும் வாய் பிளந்து நிற்கும். என் சிவப்புக் கார் பிப்ரவரியில் ஒரு பள்ளத்தில் இறங்கியதில் டயர் கிழிந்து, ரிம்மும் வளைந்தது. பதினான்கு மாதத்தில் அதை விற்றுவிட்டு வெள்ளி நிற டொயோட்டா அய்கோ வாங்கினேன்.

மனைவி விஷயம். அவருக்கு லைசென்ஸ் இல்லை, நானே சொல்லிக் கொடுத்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முடியாது தம்பி. பழகுபவர் பக்கத்தில் உட்காருகிறவர் 21 வயது தாண்டி, பிரிட்டன் அல்லது ஐரோப்பிய லைசென்ஸ் மூன்று ஆண்டாவது வைத்திருக்க வேண்டும். இந்திய லைசென்ஸ் கணக்கில் வராது. ஆகவே அவருக்குப் பயிற்சியாளர் வேண்டும், அதற்கும் பணம் ஒதுக்குங்கள். அப்புறம், அவர் ஆட்டோமேட்டிக்கில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். நீங்கள் மேனுவல் கார் வாங்கப் போவதால் இதை முன்கூட்டியே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். எஸ்டியில் ஒரு லேர்னரைச் சேர்க்க இன்சூரன்ஸ் எவ்வளவு கேட்பார்கள் என்பதை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மனம் இன்னும் ஆறவில்லை என்றால் நடுவில் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் அப் ஜிடிஐ, 1.0 லிட்டர் டர்போ, 115 குதிரை. இன்னொன்று சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரை, எடை ஒரு டன்னுக்கும் குறைவு. இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். ஆனால் இந்த ஆண்டு வேண்டாம், லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு. அப்போது பெரும்பாலும் இன்சூரன்ஸ் விலை இறங்குவதைப் பார்ப்பீர்கள். ஃபியஸ்டா தயாரிப்பு 2023 ஜூலையோடு நின்றுவிட்டது, நல்ல எஸ்டி இனிக் கிடைக்காது என்று விற்பவர் அவசரப்படுத்துவார். கிடைக்கும்.

வாங்கப் போகுமுன் பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் போட்டு எம்.ஓ.டி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் பாருங்கள், இலவசம். எந்த வருடம் எத்தனை மைல், எதற்காகத் தோற்றது என்று எல்லாம் இருக்கும். மைல் கணக்கு ஒரு வருடம் குறைந்திருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். கடன் பாக்கி இருக்கிறதா என்றும் பணம் கட்டிச் சோதியுங்கள். பழைய உரிமையாளர் கட்டிய சாலை வரி உங்களுக்கு வராது, சாவியை வாங்கிய இடத்திலேயே ஃபோனில் கட்டிவிட்டு, இன்சூரன்ஸும் தொடங்கியிருப்பதை உறுதி செய்துகொண்டுதான் வண்டியை நகர்த்த வேண்டும். இன்சூரன்ஸ் விலையை மூன்று வாரம் முன்பே கேளுங்கள், கடைசி நாளில் கேட்டால் பெரும்பாலும் கூடும்.

அய்கோவை ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்தேன். ஒரு கிளெய்மும் இல்லை. 2019-இல் மஞ்சள் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வாங்கியபோது, அதற்குக் கட்டிய இன்சூரன்ஸ் அய்கோவுக்கு முதல் வருடம் கட்டியதைவிடக் குறைவு. அது இன்னும் வாசலில் நிற்கிறது. மார்ச்சில் இருவரும் இந்தப் பக்கம் வந்தால் ஒரு சுற்று போய்வரலாம். ஓட்டத் தரமாட்டேன், உங்களுக்கு அதில் இன்சூரன்ஸ் கிடையாது. பக்கத்து சீட் உங்களுக்குத்தான்.